முள்ளைத் தூக்காதே

சுவரில் வெளிச்சம் நடுங்குகிறது, குங்குமச் சிமிழ் மூடியின் அகலத்துக்கு ஒரு வட்டம், நான் மூச்சு விட்டால் நடுங்குகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டால் நின்றுவிடுகிறது, என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நிற்கும் மைக்கா வில்லையில் காலை வெயில் பட்டுத் தெறித்து அங்கே போய் விழுகிறது, வெங்காயத்தின் உள்தோலைப் போல மெல்லிய வில்லை, ஊதினால் பறந்துவிடும், ஆனால் ஒரு மனுஷியின் குரலைத் தூக்கி நிறுத்தக்கூடியது, வெளிச்ச வட்டம் அலமாரியில் வரிசையாக வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் பல்செட்டுகளின் மேல் ஊர்கிறது, மெழுகில் நட்டு வைத்த முன்பற்களின் மேல் ஊர்கிறது, ஸ்பிரிட் விளக்கின் மேல் ஒரு கணம் நிற்கிறது, அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று சுருங்கும், இப்போதும் சுருங்குகிறது, இது இன்றைய காலைதானா, அன்றைய காலையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இந்தப் பல் லேபில் எல்லாக் காலையும் ஒரே மாதிரிதான் வரும், ஒன்பது மணிக்கு ஜன்னலில் வெயில் விழும், பத்தரைக்குப் போய்விடும், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நுணுக்கமான வேலையை எல்லாம் முடித்துவிட வேண்டும், பல்லும் அப்படித்தான், கிராமபோனின் சவுண்ட் பாக்ஸும் அப்படித்தான், டியூப் லைட் வெளிச்சம் இரண்டுக்கும் ஆகாது.

பல்லிலிருந்து பாட்டுக்கு நான் வந்தது ஒரு திருகாணியால், மேல்வாய்க்கு அளவு கொடுக்க வந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் நான் கம்பி வளைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், மறுநாள் வட்டமான ஒரு நிக்கல் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், முள்ளு சொருகுற எடத்துல திருகாணி தேஞ்சு போச்சும்மா, ஒங்க கை சின்னக் கை, செத்தப் பாருங்களேன் என்றார், திறந்தேன், திறந்ததும் தெரிந்துவிட்டது, இது ஒரு வாய், சுற்றிலும் ஈறு மாதிரி இரண்டு ரப்பர் வளையம், அவற்றுக்கு நடுவில் அண்ணம் மாதிரி ஒரு மைக்கா வில்லை, அதன் மையத்தைத் தொட்டுக்கொண்டு கீழே நீளும் ஒற்றைப் பல்லாக ஓர் உலோகத் தண்டு, தண்டின் நுனியில் முள், முள் இசைத்தட்டின் கோட்டில் நடக்கும்போது தண்டு அசையும், தண்டு அசைந்தால் மைக்கா அசையும், மைக்கா அசைந்தால் பின்னால் இருக்கும் குழாய்க்குள் காற்று அசையும், அவ்வளவுதான் பாட்டு, கரண்ட் கிடையாது, வயர் கிடையாது, யாரோ ஒருத்தரின் மூச்சு இன்னொரு தரம் நடந்து போகிறது, அன்றிலிருந்து காரைக்குடியிலிருந்தும் போடியிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் ஊமையான நிக்கல் வாய்கள் இந்த மேஜைக்கு வர ஆரம்பித்தன.

செல்லக்கிளி அக்கா வந்தது ஓர் ஆனி மாதக் காலையில், எழுபத்தெட்டு வயது, நாடகங்களில் நாற்பது வருஷம் டான்ஸ் காமிக் ஆடியவர், பபூனோடு வாய்ச்சண்டை போட்டு மைதானத்தையே சிரிக்க வைக்கிற வேஷம் அது, முழங்கால் இரண்டும் மடங்காமல் நின்றுவிட்டன, வாய் மட்டும் நிற்கவில்லை, பின்னால் ஆட்டோக்காரர் கிராமபோனைக் கல்யாணச் சீர் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார், ஏத்தா, நீதான் பல்லுக்காரியா, என் வாயப் பாக்காத, அதுல ஒண்ணுமில்ல, இந்தா இவன் வாயப் பாரு, நான் வாங்குன நாள்லேருந்து ஊமையாவே கெடக்கான் என்று சொல்லி, மேஜையில் இருந்த ஒரு கீழ்ச்செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது யாரு வக்கீலா, பல்லப் பாத்தாலே தெரியுது என்று வைத்துவிட்டு, தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு பழைய மேடைப் பாவாடையை வெளியே எடுத்தார், ஜரிகை கறுத்துப்போன பச்சைப் பாவாடை, அதைப் பிரித்தார், உள்ளே ஓர் இசைத்தட்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி இரண்டு கையாலும் எடுத்தார், நடுவில் ஒட்டிய காகிதம் வெளுத்திருந்தது, ஸ்ரீமதி கனகவல்லி என்று எழுத்து, இது யார் என்று கேட்டேன், பேரு கனகவல்லி, பாடுனது எங்காத்தா என்றார்.

கம்பம் நாச்சம்மாள் என்பது அவருடைய அம்மாவின் பெயர், பதினாறு வயதில் ஒரு நாடகக் கம்பெனியில் சின்ன வேஷங்கள், பெரிய வேஷமெல்லாம் கனகவல்லிக்கு, பட்டணத்தில் இசைத்தட்டுக்குப் பாட நாள் குறித்து எல்லோரும் ரயிலேறிப் போன இடத்தில் கனகவல்லிக்குத் தொண்டை கட்டிவிட்டது, சுக்குக் கஷாயம் குடித்தும் குரல் திரும்பவில்லை, பதிவு செய்கிற வெள்ளைக்காரர் அடுத்த கப்பலுக்குக் கிளம்ப வேண்டியவர், காத்திருக்க மாட்டார், அந்தப் பொண்ணப் பாடச் சொல்லு, குரலு ஏறக்குறைய ஒண்ணுதான் என்று கம்பெனி முதலாளி சொல்லியிருக்கிறார், தினைக்காட்டில் கிளி விரட்டுகிற பாட்டு, நாச்சம்மாள் பாடிவிட்டாள், அந்தக் காலத்தில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், தட்டு அச்சாகும் ஊரில் இருப்பவர்களுக்குப் பாஷை தெரியாது, எந்தத் தட்டு யாருடையது என்று குழம்பக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம், கனகவல்லின்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்துத்தான் உள்ள விட்டாகளாம், எங்காத்தா என்ன செஞ்சா தெரியுமா, தன் பேரச் சொல்லிட்டா, அந்த வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியுமா, தலைய ஆட்டிட்டான், வெளிய நின்ன மொதலாளி காதுல அது விழல, பேப்பர்ல எழுதிக் குடுத்த பேரு கனகவல்லி, அதையே அடிச்சு ஒட்டிட்டாய்ங்க என்று செல்லக்கிளி அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கேட்டிருப்பார்களே அக்கா, இத்தனை வருஷத்தில் யாராவது கடைசியில் வருகிற பெயரைக் கேட்டிருப்பார்களே என்றேன், எவன் கேட்டான் என்று அவர் கையை விசிறினார், கம்பெனி வீட்டுல பாட்டு முடிஞ்ச கையோட மொதலாளி முள்ளத் தூக்கிருவாராம், முள்ளு ஓடி நடுவுல இருக்குற காகிதத்துல ஏறிக் கிழிச்சுப்புடும்னு பயம், ஊர்ல எல்லா வீட்டுலயும் அதே பயந்தான், எங்காத்தா அந்த வாசல்ல நின்னு ஒவ்வொரு தடவையும், ஐயா இன்னுங் கொஞ்சம் விடுங்கன்னு மனசுக்குள்ளேயே சொல்லுவாளாம், வாயத் தொறந்தா வேல போயிரும், அப்புறம் எப்பவோ ஒரு தட்டு மட்டும் கைக்கு வந்துச்சு, மிஷின் இல்ல, சாகுற வரைக்கும் அவ பேர அவளே கேக்கல, இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கவில்லை, கண்ணும் கலங்கவில்லை, பந்தியில் தனக்கு இலை போடாமல் விட்டவனைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார், எனக்கு அது பிடித்திருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை, நாடக நடிகர் சங்கத்தின் கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறது, இசைத்தட்டுக்குப் பாடிக் கொடுத்தவர்களின் படங்கள் மட்டும் அதில் மாட்டப்படும், ஆடி மாத ஆண்டு விழாவில் அந்தப் படங்களுக்கு மாலை போட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அந்தச் சுவரில் ஓர் ஆணி வேண்டும் என்று செல்லக்கிளி அக்கா பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், செயலாளர் ஆர்மோனியம் நாகலிங்கம் மறுத்துக்கொண்டிருந்தார், நானும் ஒரு தரம் கூடப் போனேன், நாகலிங்கம் வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார், யக்கா, ஒங்காத்தா நல்லாப் பாடுனாகன்னு எல்லாருஞ் சொல்றாக, ஆனா தட்டுல இருக்குற பேரு வேற, இன்னைக்கு ஒங்களுக்கு மாட்டுனேன்னு வைங்க, நாளைக்கு ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரும் எங்கப்பன் பாடுனான், எங்க சித்தப்பன் பாடுனான்னு படத்தத் தூக்கிட்டு வருவாய்ங்க, செவுரு பத்தாது என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கனகவல்லி படத்த எறக்கச் சொல்லலப்பா, அவுக பெரிய ஆளு, வேற தட்டெல்லாம் குடுத்திருக்காக, இருக்கட்டும், பக்கத்துல ஓர் ஆணி, அம்புட்டுத்தான் கேக்குறேன் என்றார் அக்கா, தட்டு சொல்லட்டும், நான் மாட்டுறேன் என்று நாகலிங்கம் எழுந்தார், பிறகு என்னைப் பார்த்து, என்ன டாக்டரம்மா, தட்டுக்கும் பல்லு கட்டுவீங்களா என்று சிரித்தார், அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார், சிரிக்கட்டும், ஆடி பதினஞ்சு, காலைல பத்து மணி, அந்தக் கூடத்துலயே போட்டுக் காட்டுறோம் என்றார், போட்டுக் காட்டுறோம் என்று அவர் சொன்னதில் நானும் இருந்தேன், அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

லென்ஸை வைத்துத் தட்டைப் பார்த்தேன், ஓரத்தில் ஒரு விரிசல், பாட்டு நெடுகத் தேய்மானம், கோடுகள் சாம்பல் பூத்திருந்தன, ஆனால் பாட்டு முடிந்த பின் நெளிவே இல்லாத ஒரு சின்ன வெறுமை, அதற்கு அப்பால் நூலிழை அகலத்துக்கு இன்னொரு நெளிவு, அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள், அந்த இடம் மட்டும் புதுசு மாதிரி பளபளப்பாக இருந்தது, எண்பது வருஷத்தில் இதைப் போட்டவர்கள் எல்லோரும் முள்ளைத் தூக்கிவிட்டதால் அந்தக் கோடுகள் தேயவே இல்லை, என்ன பேசினார்கள் என்று லென்ஸால் சொல்ல முடியாது, கனகவல்லியா, நாச்சம்மாளா, நெளிவு நெளிவுதான், பழைய இசைத்தட்டு சேர்க்கிற ஒருவர் ஏற்கெனவே கரண்ட் பிளேயரில் போட்டுப் பார்த்திருந்தார், அதன் முள் மிகப் பொடி, அகலமான இந்தக் கோட்டின் அடிமட்டத்தில் உரசி வெறும் இரைச்சலைத்தான் தந்தது, விரிசல் வந்ததும் துள்ளிக் குதித்தது, கனமான கிராமபோன் சவுண்ட் பாக்ஸ்தான் விரிசலை மிதித்துக்கொண்டு போகும், ஆனால் அதன் இரும்பு முள் ஒவ்வொரு தரமும் தட்டைக் கொஞ்சம் தின்றுவிடும், விரிசலும் நீளும், நூறு தரம் போட்டுப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை, ஒரு தரம், அந்த ஒரு தரத்துக்குச் சவுண்ட் பாக்ஸ் தயாராக வேண்டும்.

தப்பு நடந்தது அந்த வாரத்திலேயே, தட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் படிந்திருந்தது, பல் லேபில் எதைத் துடைப்பதென்றாலும் கை போவது ஸ்பிரிட்டுக்குத்தான், கத்தியைத் துடைக்க ஸ்பிரிட், மெழுகு ஒட்டினால் ஸ்பிரிட், மேஜைக்கு ஸ்பிரிட், பஞ்சை நனைத்து ஓரத்தில் வைத்து மெல்லச் சுற்றினேன், பஞ்சு கறுத்தது, எண்பது வருஷத்து அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு பஞ்சை எடுத்தேன், அதுவும் கறுத்தது, மூன்றாவதும் கறுத்தபோதுதான் விரலில் பிசுபிசுப்பு தெரிந்தது, தட்டைச் சாய்த்துப் பார்த்தேன், துடைத்த இடத்தில் பளபளப்பு போய்ப் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது, இந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான், எனக்கு அது தெரியும், என் கைக்குத் தெரியவில்லை, பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, பாட்டு.

மூன்று கறுத்த பஞ்சையும் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு சுப்பிரமணியபுரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன், பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளை அடுக்கினேன், இறங்கும்போது ஒன்றும் மிச்சமில்லை, செல்லக்கிளி அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், பஞ்சைக் காட்டினேன், சொன்னேன், அவர் கீரையைக் கீழே வைத்தார், எம்புட்டுப் போச்சு என்றார், ரெண்டு விரக்கடை என்றேன், ஆரம்பத்துலயா கடைசியிலயா, ஆரம்பத்தில் என்றேன், வெளி ஓரத்திலிருந்துதான் பாட்டு ஆரம்பிக்கும் என்பது அவருக்கும் தெரியும், பஞ்சைத் திருப்பிப் பார்த்தார், அப்ப பாட்டுக்கு முந்தி வாசிக்கிற ஆர்மோனியக்காரன்தான் போயிருப்பான், அவன் போனாப் போறான், எங்காத்தா கடைசியிலல்ல நிக்கிறா என்றார், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, ஆனா ஒண்ணு தாயி, இனிமே அந்தத் தட்டு மேல பஞ்சு கிஞ்சுன்னு கொண்டு போன, ஒன் வாயில உள்ள பல்லப் புடுங்கி ஒன் அலமாரியிலயே அடுக்கி வச்சிருவேன், இந்தா, கீரைய உருவு என்று பாதிக் கட்டை என் மடியில் போட்டார், உருவினேன், அந்தப் பச்சை வாசனை இன்னமும் என் விரலில் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் நான் அந்தச் சவுண்ட் பாக்ஸை உண்மையாகத் திறந்தேன் என்று சொல்ல வேண்டும், அதற்கு முன் திறந்ததெல்லாம் வேடிக்கை.

உள்ளே எல்லாம் செத்திருந்தது, ரப்பர் வளையங்கள் பழைய கருப்பட்டி மாதிரி இறுகி, ஊசியால் நெம்பியதும் துண்டு துண்டாக வந்தன, மைக்காவில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம், அடுக்குகள் பிரிந்துவிட்டன, வளையத்துக்குச் சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கினேன், டயருக்குள் காற்றைப் பூட்டி வைக்கிற பொடி ரப்பர்க் குழாய், அதைவிட மிருதுவான ஈறு கிடைக்காது, மைக்காவுக்கு இஸ்திரிப்பெட்டி ரிப்பேர்க் கடை, கம்பி சுற்றுகிற தகடு என்று கேட்டால் கொடுப்பார்கள், தடியாக இருக்கும், தண்ணீருக்குள் வைத்து பிளேடு முனையால் ஓரத்தை நெருடினால் புத்தகத்தின் பக்கம் மாதிரி பிரியும், ஒன்று, இரண்டு, ஐந்து, கிழிந்தது, மறுபடி ஒன்று, சின்ன வயதில் ஆற்று மணலில் பொறுக்கிய காக்காப்பொன் ஞாபகம் வருகிறது, அதைத் தங்கம் என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன், சட்டையைத் துவைத்த அம்மா கோபத்தில் கொட்டிவிட்டாள், இது அந்தத் தங்கம்தான், இப்போது கையில் நிற்கிறது, வட்டமாக வெட்டி, மையத்தில் துளையிட்டு, வளையங்களுக்கு நடுவே படுக்க வைத்து, மூடியைத் திருகி, வேறொரு பழைய தட்டில் போட்டேன், குடத்துக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி கேட்டது, மைக்கா தடி, மெலிசாக்கினேன், இப்போது வார்த்தை வந்தது, ஆனால் குரல் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் எல்லாம் கரகரவென்று உடைந்தது, தகரத்தில் மிளகாய் வற்றலைக் கொட்டியது மாதிரி, தண்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் திருகுகளை இறுக்கினேன், இன்னும் உடைந்தது, இன்னும் இறுக்கினேன், ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது, பேச வந்த பெயர் அந்த உடைசலில் சிக்கினால் நாச்சம்மாளும் தெரியாது, கனகவல்லியும் தெரியாது, வெறும் கரகரப்புக்கு யார் ஆணி அடிப்பார்கள்.

அந்த நாட்களில் வெயில் வந்து போகிற ஒன்றரை மணி நேரத்துக்கு நடுவே எனக்கு ஓர் அறை தெரிய ஆரம்பித்தது, நான் பார்த்ததில்லை, அக்கா சொல்லிக் கேட்டதுதான், சுவரெல்லாம் கம்பளி தொங்கும் ஓர் அறை, சுவரில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள்ளிருந்து ஒரு தகரக் கொம்பு நீண்டுகொண்டிருக்கிறது, அதன் வாய்க்கு முன்னால் பதினாறு வயதுப் பெண் நிற்கிறாள், காலில் செருப்பில்லை, சத்தம் வரக் கூடாதென்று வளையலையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள், அவள் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள், குரல் உச்சத்துக்குப் போகும்போது தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பான், குரல் இறங்கும்போது முன்னால் தள்ளுவான், இல்லாவிட்டால் உள்ளே மெழுகுத் தட்டில் வெட்டும் ஊசி எகிறிவிடும், அவள் இழுபடுகிறாள், தள்ளப்படுகிறாள், பாடிக்கொண்டே இருக்கிறாள், யாரோ பிடித்து இழுக்கும் உடம்புக்குள்ளிருந்து குரல் மட்டும் நேராக வருகிறது, நான் அவளுடைய வெறுங்காலைப் பார்க்கிறேன், அவள் என் பக்கம் திரும்பி, ஏன் இப்படிப் போட்டு இறுக்குற, விடு என்கிறாள், அவள் சொன்னாளா, நானேதான் சொல்லிக்கொண்டேனா, கண் திறந்தபோது மேஜையில் ஒரு கிழவருடைய மேல்செட்டு இருந்தது, பத்து நாளாக வலிக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார், செட்டு வாயில் நிற்காதோ என்று பயந்து பயந்து நான் இறுக்கமாகச் செய்துவிட்டேன், இறுக்கிய செட்டு வலிக்கும், தானாக வந்து உட்கார்கிற செட்டுதான் மெல்லும், இருபத்தாறு வருஷமாக இந்தக் கைக்குத் தெரிந்த விஷயம் அது.

திருகுகளைத் தளர்த்தினேன், எல்லாவற்றையும், மைக்காவின் மையத்துத் திருகாணியை முழுக்கக் கழற்றிவிட்டுத் தண்டை அதன் போக்கில் விட்டேன், அது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது, இத்தனை நாளும் அதை வலப்பக்கம் இழுத்துக் கட்டி வைத்திருந்தேன், அந்த இழுப்பில்தான் மைக்கா விறைத்து, உச்சத்தில் எல்லாம் அலறியிருக்கிறது, இரண்டு ஸ்பிரிங்கையும் கால் சுற்று கால் சுற்றாக, தட்டாரத் தராசின் முள்ளைப் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்து, தண்டின் நுனி மைக்காவின் துளைக்கு நேராகத் தானாக வந்து நிற்கும் வரை திருப்பினேன், வந்து நின்றது, தொட்டும் தொடாமலும், அப்புறம்தான் மையத் திருகாணியைப் போட்டேன், அது தொட்டதும் நிறுத்தினேன், ஒரு மயிரிழைகூட மேலே போகவில்லை, ஸ்பிரிட் விளக்கில், ஆமாம், அதே விளக்கில்தான், தேன்மெழுகைச் சூடாக்கி, கடுகளவு ஒரு சொட்டு அந்த இடத்தில் விட்டேன், டப்பாவின் பின்துளையில் வாயை வைத்து உறிஞ்சினேன், காற்றுக் கசியவில்லை, நாக்கு நுனி கவ்விக்கொண்டது, பழைய தட்டில் போட்டேன், யாரோ ஒருவர் தில்லானாவில் உச்சத்துக்குப் போனார், நின்றார், இறங்கினார், உடையவில்லை, அந்த லேபில் தனியாக நின்று கை தட்டினேன், அலமாரியில் முப்பது வாய்கள் என்னோடு சிரித்தன.

ஆடி பதினைந்து, பத்து மணி, கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது, ராஜபார்ட்டுகள், பபூன்கள், மிருதங்கக்காரர்கள், பழைய ஸ்திரீபார்ட் பெண்கள், கொண்டையில் கனகாம்பரம், கிராமபோன் வைக்க வேறு இடம் இல்லாததால் மேஜையைக் கிழக்கு ஜன்னலோரம் போட்டார்கள், வெயில் நேராக அதன் மேல் விழுந்தது, எதிர்ச் சுவரில் மாலை போட்ட படங்கள், கனகவல்லியும் இருந்தார், பக்கத்தில் வெறும் சுவர், நாகலிங்கம் மேஜைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஆரம்பிங்க டாக்டரம்மா, பல்லு பேசுதான்னு பாப்போம் என்றார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், செல்லக்கிளி அக்கா என் பக்கத்தில் ஒரு நாற்காலியில், மடியில் ஆத்தாவின் படம், துணி சுற்றி, யப்பா நாகலிங்கம், வாய மூடுனா ஈ உள்ள போகாது என்றார், இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள், சாவி கொடுத்தேன், புது முள்ளைச் செருகினேன், தட்டின் ஓரத்தில் இறக்கினேன், முதல் இரண்டு விரக்கடை வெறும் இரைச்சல், நான் கரைத்த ஆர்மோனியம், மழை பெய்கிற மாதிரி ஓடியது, யாரோ உச்சுக்கொட்டினார்கள், விரிசல் வரும்போதெல்லாம் டக், டக், சவுண்ட் பாக்ஸ் மிதித்துக்கொண்டு போனது, அப்புறம் மழைக்குள்ளிருந்து அவள் வந்தாள்.

பதினாறு வயதுக் குரல், சின்னக் குரல், பச்சைக் குரல், கிளியை விரட்டுகிறாள், விரட்டுகிற மாதிரியும் இருந்தது கூப்பிடுகிற மாதிரியும் இருந்தது, உச்சத்துக்குப் போனாள், யாரோ அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார்கள், குரல் ஓரடி தள்ளிப் போகிறது, உடையவில்லை, இரண்டாம் தரமும் போனாள், உடையவில்லை, ராஜபார்ட் ஒருவர் தன்னை மறந்து ஆகா என்றார், மைக்காவில் பட்ட வெயில் தெறித்து எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்ச வட்டமாக விழுந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன், சவுண்ட் பாக்ஸ் தட்டின் நடுவை நோக்கி நகர நகர வட்டமும் படம் படமாக நகர்ந்தது, அவள் பாடுகிற ஒவ்வொரு அசைவுக்கும் நடுங்கியது, சுவரை விட்டு இறங்கி நாகலிங்கத்தின் தோளில் விழுந்து அவருடைய வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் போய் நின்றது, அவர் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார், ஆர்மோனியக்காரர் அல்லவா, கட்டிய கைக்குள் விரல்கள் கட்டையில்லாமலே வாசித்துக்கொண்டிருந்தன, பாட்டு முடிந்தது, வெறுமை ஓடியது, என் கை எழுந்தது, இத்தனையும் தெரிந்த என் கை, லென்ஸில் பார்த்த கை, எண்பது வருஷத்து எல்லாக் கைகளையும் போல, முள் காகிதத்தில் ஏறிவிடுமே என்று, தானாகச் சவுண்ட் பாக்ஸை நோக்கிப் போனது, அதைத் தொட்டும்விட்டது, ஏத்தா, முள்ளத் தூக்காத, என்று என் மணிக்கட்டை ஒரு கை கவ்வியது, நாற்பது வருஷம் மேடையில் வளையல் உடைய ஆடிய கை, முழங்கால் மடங்காத கிழவி எப்படி எழுந்தார், எப்போது எழுந்தார், தெரியவில்லை, மடியிலிருந்த படம் நாற்காலியில் கிடந்தது, நான் விரலை விட்டேன், முள் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மூச்சு கேட்டது, தோளைப் பிடித்திருந்த ஆள் அவளை முன்னால் தள்ளியிருக்க வேண்டும், திடீரென்று அவள் மிகப் பக்கத்தில் வந்தாள், கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள், தேயாத கோடுகள், இரைச்சலே இல்லை, பாடியது கம்பம் நாச்சம்மா என்றாள், தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக, சொல்லிவிட்டுச் சிரித்தாள், தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாத பெண்ணின் சிரிப்பு, பாதியில் வெட்டுப்பட்டது, முள் காகிதத்தில் ஏறுவதற்கு முன் நான் தூக்கினேன், செல்லக்கிளி அக்கா என் மணிக்கட்டை விடவில்லை, கேட்டியா, எங்காத்தா சிரிச்சாளே கேட்டியா, சிரிச்சத எங்கிட்ட சொல்லவே இல்லையே என்றார், சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், அதே சிரிப்பு, வெட்டுப்படாமல் முழுசாக, கூடம் அப்போதுதான் வெடித்தது, விசில், கைத்தட்டல், யாரோ மிருதங்கத்தில் ஒரு தீர்மானம் வைத்தார், நாகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், யக்கா, ஒங்காத்தா என்னயப் பாத்துல்ல சிரிச்சிருக்காக என்றார், எலே, சுத்தியலு எங்க, ஆணி எங்க என்று உள்ளே பார்த்துக் கத்தினார், யாரும் கொண்டுவரும் வரை பொறுக்காமல் தானே போய் எடுத்துவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி, கனகவல்லிக்குப் பக்கத்தில் அடித்தார், முதல் அடி அவர் கட்டைவிரலில் விழுந்தது, நல்லாப் படட்டும், பத்து வருஷம் பாக்கி என்றார் அக்கா, அன்றைக்குப் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது கடைசிப் பெயருக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள், செல்லக்கிளி அக்கா மட்டும் உட்கார்ந்தார், நான் ஏற்கெனவே எந்திரிச்சிட்டேன்லத்தா என்றார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு செட்டுப் பல் செய்து கொடுத்தேன், ஆண்டு விழாவுக்கு மட்டும் போட்டுக்கொள்வார், மற்ற நாளில் பாவாடைக்குள் தட்டோடு சுற்றி வைத்திருக்கிறார், தட்டை இன்னொரு தரம் போடவில்லை, போட வேண்டியதில்லை, இப்போது என் கையில் இருக்கும் வில்லை போடியிலிருந்து வந்த வேறொரு டப்பாவுக்கு, மெலிசாக்கிவிட்டேன், வெட்டிவிட்டேன், வெயில் போக இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, வெளிச்ச வட்டம் சுவரில் நிற்கிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் நான் இங்கே இல்லை, அந்தக் கூடத்தில் இருக்கிறேன், பாட்டு முடிந்து வெறுமை ஓடுகிறது, என் மணிக்கட்டில் ஒரு கை, நூறு பேர் இருக்கிறார்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை, அக்கா விடவில்லை, நாகலிங்கம் விடவில்லை, நான் விடவில்லை, அவர் சட்டைப் பாக்கெட்டின் மேல் குங்குமச் சிமிழ் மூடி அகலத்துக்கு ஒரு வெளிச்சம், அது மட்டும் நடுங்குகிறது, அவள் மூச்சு விடுகிறாள்.